ஓராண்டு ஓட்டம் முடிந்தது, சப்பாத்துதான் இன்னும் காயவில்லை

நேற்றோடு ஓராண்டு நிறைந்தது. தீபாவளி, தைப்பூசம், ஆலையில் இரவு வேலை, அடைமழை என்று எதற்கும் விடுப்பு எடுக்காமல் தினமும் ஓடிவிட்டேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட்டில் நாற்பதைத் தாண்டிய, தொப்பை வைத்த ஓர் எடைமேடைக் கணக்கர் இதைச் செய்து முடிப்பான் என்று என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை.

நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். பட்டியலை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால், அதில் பாதிப் பேர் என் சப்பாத்தை உலர வைக்க உதவியவர்கள். ஆகவே சப்பாத்துக் கதையைச் சொல்லாமல் நன்றி சொல்ல வழியில்லை.

ஒரு நாளும் விடாமல் ஓடுகிறவர்களுக்கு உள்ள விதி இதுதான்: நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மைல், அதாவது 1.61 கிலோமீட்டர். 1970-இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற இங்கிலாந்துக்காரர் ரான் ஹில் 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகள் ஒரு நாள் விடாமல் ஓடினார். பாதத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட காலத்தில் ஊன்றுகோலோடு ஒரு மைல் போனதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதை ஓட்டம் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்கிறேன். அவர் ஜவுளி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதுதான் எனக்குப் பொறாமை. ஈரத் துணியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

என் பாதை செம்பனைக்குள் போகும் செம்மண் சாலை. மாலையில் இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டும். பழக்குலை ஏற்றிய லோரிகள் அதே சாலையை உழுதுவிட்டுப் போகும். அதற்குப் பிறகு ஓடித் திரும்பினால், சப்பாத்து ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கனக்கும். மறுநாள் விடியும் முன்பே மீண்டும் ஓட வேண்டிய வேலைமுறை என்றால், இடையில் கிடைப்பது பத்து மணி நேரம்கூட இல்லை. இரண்டு சோடி வைத்து மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்திருக்கிறேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் இரண்டுமே நனைந்து கிடக்கும்.

வெயிலில் வைக்கக் கூடாது, பசை விட்டுப்போகும். துணி உலர்த்தும் எந்திரத்தில் போட்டால் அடிப்பகுதியின் நுரை கெட்டுவிடும். குளிர்பெட்டியின் பின்னால் வரும் சூட்டில் வைக்கும் உத்திக்கு வீட்டில் உடனடியாகத் தடை விழுந்தது, காரணம் வாடை. கடைசியில் நாளிதழுக்கே வந்து சேர்ந்தேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

முதலில் மண் காயும் முன்பே கழுவிவிட வேண்டும். செம்மண் உலர்ந்துவிட்டால் நெய்த துணியின் கண்களில் ஏறிக்கொண்டு இறங்காது. பிறகு உள்மெத்தையை உருவி எடுத்து, கயிற்றைக் கடைசித் துளைவரை தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட வேண்டும். தாளைக் கசக்கித் தளர்வாக உள்ளே விட வேண்டும். இறுக்கி அடைத்தால் காற்று புகாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அரை மணி நேரம் கழித்து முதல் உருண்டையை இழுத்தால், கையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் சொட்டும். எத்தனை முறை கழுவியிருந்தாலும் சொட்டும். உடனே மாற்ற வேண்டும். இரண்டாவது ஒரு மணி நேரம். மூன்றாவதைப் போட்டு, சப்பாத்தின் வாய் மேசைக் காற்றாடியைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். விரல் பகுதிதான் கடைசியில் உலரும், அங்கே மட்டும் சின்ன உருண்டையாகத் தனியே திணியுங்கள். குதிகால் காய்ந்துவிட்டது என்று நம்பிக் கால் விட்டால், பெருவிரலில் ஈரம் சில்லென்று ஏறும்.

தாளும் எல்லாம் ஒன்றல்ல. பளபளப்பான விளம்பரத் தாள் ஒரு சொட்டுகூடக் குடிக்காது. வண்ணப் பக்கங்கள் வெளிர்நிறச் சப்பாத்தில் மையைப் பூசிவிடும். கறுப்பு வெள்ளை உட்பக்கங்களே உத்தமம், அதிலும் இரங்கல் அறிவிப்புப் பக்கங்களைத் தொட அம்மா விடமாட்டார்.

இந்தத் தாளை ஆண்டு முழுவதும் கொடுத்தவர் பஸ் நிலையத்துக்கு அருகே ஒட்டுக்கடை வைத்திருக்கும் அக்கா. வடை மடிக்க வைத்திருந்ததை எனக்குக் கட்டாகக் கட்டி எடுத்து வைத்தார். கட்டின் மேல் எப்போதும் இரண்டு வடை இருக்கும். எடை குறையாததற்கு அவரே பொறுப்பு. நன்றி அக்கா.

அடுத்தது தோட்டத்துக் காவலாளி அண்ணன். மேற்கு மலேசியாவின் கடிகாரத்தை 1982-இன் முதல் நாளில் அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்துவிட்டதால், பிப்ரவரியில் ஏழரை மணிக்கு அருகில்தான் சூரியன் எழும்புகிறது. ஆறு மணிக்கு நெற்றி விளக்கோடு ஓடினால் நாய்களுக்கு நான் திருடன். அண்ணன் என் விளக்கைத் தூரத்தில் பார்த்ததும் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். இணையத்தில் வாங்கிய அந்த விளக்கு மழைக்கு அசையாது என்று எழுதியிருந்தது. முதல் மழையிலேயே அசைந்தது. இப்போது ஈப்போவில் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கியதை வைத்திருக்கிறேன். இரவில் மீன் பிடிப்பவர்கள் மழையில் சோதித்த பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

லோரி ஓட்டுநர்கள் எடைமேடையில் சீட்டு வாங்கும்போதே எந்தச் சாலை சேறு, எங்கே வெட்டிய மட்டை குறுக்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மட்டையின் அடிப்பக்க முள் சப்பாத்தைத் துளைத்து உள்ளே வரும் என்பது தோட்டத்தில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும். அவர்களில் மூத்தவர் ஒருவர் மட்டும் ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம்ம சரவணன் 50 கிலோமீட்டர் நடந்தே தங்கம் வாங்கினார். நீ ஏன் தம்பி ஓடுகிறாய்?” இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அம்மா பால்மரம் வெட்டியவர். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போன உடம்பு அவருடையது. நான் கிளம்பும் நேரத்தில் இன்றும் அவருக்குத் தூக்கம் வராது. “மழை பெய்தால் எங்களுக்கே வெட்டு இல்லை. சம்பளம் இல்லாத பெரட்டுக்கு நீ எதற்குப் போகிறாய்?” என்பார். சொல்லிக்கொண்டே உலர்ந்த துண்டை எடுத்து வாசல் கம்பியில் போட்டு வைப்பார். புகைமூட்ட நாட்களில், காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஒரு மைலோடு நிறுத்த வேண்டும் என்று சட்டம் போட்டவர் என் மனைவி. அந்தச் சட்டம் நல்ல சட்டம்.

அடுத்த திட்டம் பினாங்குப் பாலத்து மாரத்தான். பயிற்சிப் பட்டியல் இன்னும் போடவில்லை, ஏனென்றால் மனம் முழுக்கச் சப்பாத்துக்காக நானே செய்யும் உலர்த்தும் பெட்டியில்தான் இருக்கிறது. மழை இரவில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது காற்றாடி மட்டும் என்ன செய்யும்? காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால்தான் அது ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும். பழைய பழப்பெட்டி, கீழே காற்று நுழையத் துளை, மேலே வெளியேற்ற 12 வோல்ட் கணினிக் காற்றாடி. சூட்டுக்கு எல்.இ.டி. பல்பு உதவாது, இழை பல்பு கிடைப்பதோ அரிது. இரும்புக் கடைச் சீனத் தாத்தாதான் கோழித் தீவனக் கடையில் கேட்டுப் பார் என்றார். குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பல்பு அங்கே இருந்தது. காற்றாடியை அவரே தம் பழைய கணினியிலிருந்து கழற்றிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் நன்றி.

பல்புக்கும் சப்பாத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதுதான் இப்போதைய தலைவலி. கிட்டே வைத்தால் பசை இளகும், எட்ட வைத்தால் சூடு எட்டாது. சமையலறை வெப்பமானியை இரவல் கேட்டிருக்கிறேன், வீட்டில் இன்னும் அனுமதி வரவில்லை. பெட்டிக்குக் கீலும் வாங்க வேண்டும்.