கான்டெக்ஸ்ட்ல புரியும்னு சொன்னேன்

2025 பிப்ரவரில அந்த 21 மில்லியன் டாலர் சமாச்சாரம் ஓடுச்சுல்ல, இந்தியாவுல ஓட்டு சதவீதம் ஏத்தறதுக்கு அமெரிக்கா காசு ஒதுக்குச்சுன்னு, அப்புறம் அது பங்களாதேஷுக்கான காசுன்னு ஒரு இங்கிலீஷ் பேப்பர்ல வந்துச்சு, அந்த வாரம் ஒரு ரிசப்ஷன்ல பந்தியில உக்காந்துட்டு எங்க மாமா "மாப்ள, உனக்கு எவ்ளோ வந்துச்சு"ன்னு சத்தமா கேட்டாரு. வார்த்தைக்கு ரெண்டு ரூபா மாமான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அன்னிக்கு நைட்டு தூக்கம் வரல, காரணம் மாமா இல்ல.

எனக்கு வந்தது அமெரிக்கா காசு கூட கிடையாது, வேற நாட்டோடது, நடுவுல ஒரு ஏஜென்சி, அதுக்குக் கீழ மொழிபெயர்ப்பு பண்ற நான். கோடம்பாக்கத்துல என்ஜிஓ வச்சிருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் எப்பவும் சொல்லுவாரு, உனக்கென்னப்பா பில்லு போட்டு வாங்கிக்கற, அது எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல வராது, எங்களப் பாரு, 2020 திருத்தத்துக்கப்புறம் வெளிநாட்டுக் காசு மொத்தமும் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் வழியாத்தான் வரணும், நிர்வாகச் செலவு 50 பர்சென்ட்லேருந்து 20 ஆயிடுச்சு, இன்னொரு சின்ன அமைப்புக்கு ஒரு ரூபா மாத்திவிட முடியாதுன்னு. பில்லு போடறவன். நான் அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான் ரொம்ப நாள் ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன்.

வேலை இதுதான். இலங்கை கிழக்கு மாகாணத்துல பசங்களுக்கு ட்ரெய்னிங், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அப்புறம் வந்த ப்ராஜெக்ட்கள்ல ஒண்ணு. கையேடும் ஃபாரமும் இங்கிலீஷ்லேருந்து தமிழ். ஆரம்பத்துலயே முட்டுச்சு, வயலன்ட் எக்ஸ்ட்ரீமிசம்னா வன்முறைத் தீவிரவாதம்னு போடணும்னாங்க, நம்மூரு பேப்பர்ல தீவிரவாதின்னாலே குண்டு வைக்கறவன்தானே, இதுல வன்முறை இல்லாத தீவிரவாதம் எங்கேருந்து வந்துச்சுன்னு நாங்க ஆபீஸ்ல சிரிச்சோம். அங்க அவங்களுக்கு அது பயங்கரவாதம், 1979லேருந்து பயங்கரவாதத் தடைச் சட்டம்னு ஒண்ணு தலைமேல தொங்குதுல்ல, அதனால அந்த வார்த்தை அவங்களுக்கு அகராதியில இருக்கற வார்த்தை கிடையாது, வீட்டு வாசல்ல வந்து நிக்கற வார்த்தை. இது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும்தான் பண்ணேன்.

ஃபாரத்துல பேரு எழுதற ஒரு கட்டம், மேல 'அட் ரிஸ்க் யூத்'னு தலைப்பு. 'ஆபத்துக்குள்ளாகக்கூடிய இளைஞர்கள்'னு போட்டேன், அது அந்தச் சின்னக் கட்டத்துல அடங்கல, அவங்க பக்கம் வேற இன்னும் பாமினிங்கற பழைய ஃபான்ட், யூனிகோட்லேருந்து மாத்தினா எழுத்து உடைஞ்சு பக்கத்துக் கட்டத்துக்குள்ள ஓடுது. மணி பத்தரை. 'ஆபத்தான இளைஞர்'னு சுருக்கி அனுப்பிட்டேன். ஆபத்துல இருக்கற பையன் ஒரே நிமிஷத்துல ஆபத்தான பையன் ஆயிட்டான்.

அது 2022 கடைசி. ரெண்டு நாள் கழிச்சு ஃபீல்டு கோஆர்டினேட்டர் போன் பண்ணாங்க, ரிட்டயர்ட் டீச்சர், என்னை விட இருபது வயசு மூத்தவங்க.

"தம்பி, இத அப்பிடியே குடுத்தா எங்கட புள்ளயள ஆபத்தான ஆக்கள் எண்டு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி இரிக்கும்."

"இல்ல மேடம், கட்டம் சின்னது, அதான் சுருக்கினேன். கான்டெக்ஸ்ட்ல புரியும்."

"ஆருக்குப் புரியும்?"

நான் ஒண்ணும் சொல்லல. அவங்களே சொன்னாங்க, சட்டையில கப்பல் சுக்கான் படம் இருந்திச்சு, பௌத்த தர்மசக்கரம் எண்டு சொல்லி ஒரு முஸ்லிம் பொம்புளய 2019ல உள்ள போட்டாங்க தம்பி, உங்கட கான்டெக்ஸ்ட பொலிஸுக்கு ஆரு சொல்லிக் குடுக்கிறது. அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க, ஈஸ்டர் குண்டுத் தாக்குதல நடத்தின ஸஹ்ரான் காத்தான்குடிக்காரன்தானே, அவனப் பத்தி 2017லயே ஊர் ஆக்கள் போய் முறைப்பாடு குடுத்தாங்க, அப்ப கேக்காதவங்களுக்கு இப்ப எதுக்குப் ஃபாரம்.

ஏஜென்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்னு வச்சுட்டேன். மெயில் டைப் பண்ணேன். அனுப்பல. ஏன் அனுப்பலன்னு எத்தனையோ தடவ யோசிச்சிருக்கேன். முந்தின பில்லு பென்டிங்ல இருந்துச்சு, அது உண்மை. டெம்ப்ளேட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு, சொன்னாலும் மாத்த மாட்டாங்க, அதுவும் ஓரளவு உண்மை. ஆனா சொல்லிப் பார்த்திருக்கலாம்ல. அப்பல்லாம் அஹ்னாஃப் ஜஸீம்ங்கற இலங்கை முஸ்லிம் கவிஞர் எனக்கு ஞாபகத்துக்கு வரலன்னு சொன்னா பொய். தமிழ்ல எழுதின கவிதைக்காக 2020 மே மாசம் பயங்கரவாதத் தடைச் சட்டத்துல பிடிச்சாங்க, 2021 டிசம்பர்லதான் ஜாமீன், நிரபராதின்னு 2023 டிசம்பர்ல விட்டாங்க. வன்முறைய எதிர்த்து எழுதினவர்ப்பா அவரு. அவருக்கும் கான்டெக்ஸ்ட் இருந்துச்சு.

எங்ககிட்ட ப்ரூஃப் பார்க்கற பாய் திருவல்லிக்கேணிக்காரர். அவரும் அந்தத் தலைப்பத் தாண்டித்தானே போனாரு, அவருக்கே ஒண்ணும் தோணலையேன்னு கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் டீக்கடையில கேட்டே கேட்டுட்டேன். "பார்த்தேன் சார். நான் சொல்லியிருந்தா பாய் அப்படித்தான் சொல்லுவாருன்னு ஆயிருக்கும். நீங்க சொன்னா அது கரெக்‌ஷன்." டீயக் குடிச்சிட்டுப் போயிட்டாரு.

முழுக்க வெட்டி ப்ராஜெக்ட்னு சொல்ல மாட்டேன். ரெண்டாவது பாகம் நல்லாவே இருந்துச்சு, உள்ளூராட்சி மன்றம் எப்படி நடக்குது, தகவல் அறியும் சட்டத்துல எப்படி மனு போடறது, பசங்க நிஜமாவே மனு போட்டாங்கன்னு கேள்வி. ஆனா பாருங்க, உள்ளூராட்சித் தேர்தல்ல ஓட்டுப் போடறதப் பத்தி நான் இருபது பக்கம் தமிழ்ல எழுதி முடிக்கறேன், 2023 மார்ச்ல நடக்க வேண்டிய அதே தேர்தல காசில்லன்னு தள்ளி வச்சாங்க, நடந்தது 2025 மே மாசம். நாம நக்கல் பண்ணவும் முடியாது, சென்னை மாநகராட்சி கவுன்சிலருங்க பதவி 2016ல முடிஞ்சு அடுத்த எலெக்‌ஷன் 2022 பிப்ரவரிலதானே வந்துச்சு. எந்த நாட்டுக்காரனும் வந்து நமக்குக் கையேடு குடுக்கல.

சரி, விஷயத்துக்கு வரேன், நழுவறேன்னு எனக்கே தெரியுது.

2023 ஆரம்பத்துல நிரப்பின ஃபாரமெல்லாம் ஸ்கேன் பண்ணி வந்துச்சு, 43 ஃபாரம், இங்கிலீஷுக்கு மாத்தணும். எல்லாத்துலயும் அந்தத் தலைப்பு நீல மையில கோடு போட்டு அடிச்சிருக்கு, மேல கையெழுத்துல 'பிள்ளையின் பெயர்'. 43லயும். அந்தம்மாதான், டீச்சர் கையெழுத்து, வரி கூட சாயல. ஏஜென்சிலேருந்து மெயில், டெம்ப்ளேட்ட மாத்திட்டாங்க, ரிப்போர்ட்ல எண்ணிக்கை காட்ட முடியாது, ப்ளீஸ் ஒரிஜினல் தலைப்பையே போட்டுடுங்கன்னு.

போட்டேன். இங்கிலீஷ்ல அது தப்பான வார்த்தை இல்லயே, ஆபத்துல இருக்கறவங்கன்னுதானே அர்த்தம், இத இப்பவும் நம்பறேன்னுதான் நினைக்கறேன். ஆனா அந்தம்மா என்கிட்ட போன்ல கேட்டு, நான் செய்யாம, அவங்களே உக்காந்து 43 தடவ பேனாவால அடிச்சத நான் ஒரே காப்பி பேஸ்ட்ல திருப்பி வச்சேன். அந்த ஃபைல் இப்ப யாரோட சர்வர்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது. கேட்டு ஒரு மெயில் போடலாம், ப்ராஜெக்ட் முடிஞ்சு ஏஜென்சி ஐடி எல்லாம் பவுன்ஸ் ஆகுதுன்னு சொல்லிக்கறேன், ஒரு தடவைதான் போட்டுப் பார்த்தேன்.

மாமாகிட்ட சொன்ன கணக்கு கூட சரியில்ல. ரிப்பீட் ஆகற வார்த்தைக்குக் காசு கிடையாது எங்க லைன்ல. 43 ஃபாரத்துக்கும் சேர்த்து அந்தத் தலைப்புக்கு நான் பில்லு போட்டது மூணு வார்த்தை, ஆறு ரூபா.