அக்காவுக்கு ஒரு நாள், புதுச்சேரியில்

பினாங்கிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா மகள் ஊர் திரும்புவதற்கு ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது. அக்காவுக்கு வயது 68. பிறந்தது, வளர்ந்தது, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தது எல்லாம் பினாங்கில்தான். தமிழ்நாட்டு மண்ணை மிதிப்பது இதுதான் முதல் தடவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதம் இடது காலின் வலுவைப் பாதியாகக் குறைத்துவிட்டது. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். நான்கு பாதம் வைத்த ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சமதரையில் எண்பது அடி, நூறு அடி நடப்பார். அதற்குப் பிறகு உட்கார வேண்டும். கைப்பிடி இருந்தால் மூன்று நான்கு படிகள் ஏறிவிடுவார். இறங்குவதுதான் அவருக்கு அச்சம்.

கடலூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒன்பது நாட்களும் அவரை வீட்டிலேயே வைத்திருந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. பாடலீசுவரர் கோயில், திருவந்திபுரம், சிதம்பரம், வெள்ளிக் கடற்கரை என்று எல்லா இடத்துக்கும் அழைத்துப் போனோம். ஆனால் போன இடங்களில் பாதிக்கு மேல் அவர் பார்த்தது வண்டியின் கண்ணாடியைத்தான். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கம்மா, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்பார். நாங்களும் அதை அவருடைய விருப்பமாகவே எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், திரும்பி வந்து கைபேசியில் படம் காட்டினோம். வெள்ளிக் கடற்கரையில் மணலில் நான்கடி உருட்டுவதற்குள் சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் புதைந்துபோயின; மறுபடியும் வண்டிக்கே கொண்டுவந்து உட்காரவைத்தோம். அன்று இரவு பாய் விரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கடல் கடந்து வந்தவரை நாம் ஊரெல்லாம் சுற்றிக்காட்டவில்லை, ஊரெல்லாம் காக்கவைத்திருக்கிறோம். அந்த நினைப்பு இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஆகவே கடைசி நாளைப் புதுச்சேரிக்கு வைத்துக்கொண்டபோது வீட்டில் ஒரு விதி போட்டேன். ஒருவர் வண்டியில் காத்திருக்க மற்றவர்கள் இறங்கிப் போய்ப் பார்த்து வருவது அன்றைக்குக் கிடையாது; அக்கா இறங்க முடிந்த இடத்தில் எல்லோரும் இறங்குவோம், இறங்க முடியாத இடத்தில் எல்லோரும் வண்டியிலேயே இருந்து பார்ப்போம். என் மகன் சரி என்றான். அக்காதான் "எதுக்கும்மா இவ்வளவு தொந்தரவு" என்றார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக நானும் மகனும் இருசக்கர வண்டியில் புதுச்சேரிக்குப் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தோம். எங்கே எத்தனை படி, எங்கே நிழல், எங்கே உட்கார இடம், வாடகைக் காரை எந்த முனை வரை கொண்டுவர முடியும் என்பதை மட்டுமே குறித்துக்கொண்டேன். பலமுறை போய்வந்த ஊர்தான். இந்தக் கண்ணோடு பார்த்தபோது புதிய ஊராகத் தெரிந்தது. முன்பு நான் கவனித்தே இராத அரையடி உயர நடைபாதை விளிம்புகள் ஒவ்வொன்றும் ஒரு சுவரைப் போல நின்றன.

காரில் ஏற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. தாழ்வான இருக்கை கொண்ட கார் வேண்டாம். முழங்கால் அந்த அளவுக்கு மடங்காது. ஆட்டோவின் தளமோ அவருக்கு உயரம். இருக்கை இடுப்பு மட்டத்துக்கு வரும் வண்டியாகக் கேட்டு வாங்கினோம். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் இடுப்பை இருக்கையில் வைத்துவிட்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இருக்கையின் மேல் வழுவழுப்பான ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டால் உடம்பு தானாகத் திரும்பிக்கொடுக்கும். உட்கார்ந்ததும் பையை உருவிக்கொள்ளலாம். துணிக்கடைப் பை ஒன்று அன்று முழுவதும் எங்களோடு வந்தது.

மஞ்சக்குப்பத்திலிருந்து காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து, முள்ளோடையில் மாநில எல்லை வந்ததும் ஓட்டுநரை வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். "இந்த இடத்திலதான் அக்கா பிரெஞ்சு எல்லை ஆரம்பிச்சது" என்றேன். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வரும்வரை, கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி அடுத்த ஊராக இருந்தும் அயல்நாடுதான். சட்டப்படியான முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நிறைவேறியது. கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த ஊரைப் பெரியம்மா கல்யாணமாகிக் கப்பலேறும்வரை பார்த்ததே இல்லையாம். "அது பிரெஞ்சுக்காரன் ஊருன்னு அம்மா சொல்லும்" என்று அக்கா சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

முதலில் பாரதி பூங்கா. மரங்களின் அடர்த்தியால் பத்தரை மணி வெயில் அங்கே பாதியாகத்தான் இறங்குகிறது. தரை உயர்ந்து தாழும் இடங்களில் மகன் நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, பெரிய சக்கரங்களை முதலில் ஏற்றி இழுத்தான். முன்பக்கமாகத் தள்ளினால் சிறு சக்கரம் விளிம்பில் முட்டி, உட்கார்ந்திருப்பவரை முன்னால் தள்ளிவிடும். நடுவிலுள்ள வெள்ளை ஆயி மண்டபத்துக்கு எதிரே நிழல் பார்த்து நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தோம். விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்ட மன்னர், அது ஆயி என்ற தாசியின் வீடு என்று அறிந்ததும் சினந்து இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்ததுதான் இந்த மண்டபம் என்று இங்கே சொல்வார்கள். அக்கா கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ராசா பேரு என்ன?" என்றார். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள் என்றேன். "ஆயி பேரை மட்டும் எல்லாரும் ஒண்ணாச் சொல்றாங்க இல்ல?" என்றார்.

அதன் பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதியான வெள்ளை நகரத்துக்குள் வண்டியை மெல்ல ஓட்டச் சொன்னோம். மஞ்சள் சுவர்களின் மேல் காகிதப்பூக் கொடிகள் வழிந்துகொண்டிருந்தன. தெருமுனைகளில் பதித்திருக்கும் நீலப் பலகைகள்தாம் அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயின. பிரெஞ்சுப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து, துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி என்று சொல்லிப் பார்த்தார். பினாங்கில் 'குயின் ஸ்ட்ரீட்' இப்போது 'லெபோ குயின்' ஆகிவிட்டது என்றும், வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள் என்றும் சொன்னார். ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டின் முன் வண்டியை நிறுத்தினோம். இறங்கி ஏறும் தெம்பு அப்போது அக்காவுக்கு இல்லை. விதிப்படி மூவரும் வண்டியில் இருந்தே பார்த்தோம். 1908-இல் வந்த பாரதி 10 ஆண்டுகள் இந்த ஊரில் இருந்துவிட்டு, 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தபோது கைதாகி, கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார் என்றேன். "உங்க ஊருலயா?" என்று அக்கா கேட்டது எனக்கு ஏனோ குற்றச்சாட்டைப் போலவே கேட்டது.

பகலுணவில்தான் திட்டம் தவறியது. முந்தைய நாளே ஓர் உணவகத்துக்குத் தொலைபேசியில் பேசி, சக்கர நாற்காலி உள்ளே வருமா என்று கேட்டிருந்தேன். சாய்தளம் இருக்கிறது, தாராளமாக வரலாம் என்றார்கள். போய்ப் பார்த்தால் மூன்று படிகள்; பக்கத்தில் இருசக்கர வண்டி ஏற்றுவதற்காகப் போட்ட நான்கடி நீளச் சிமெண்டுச் சரிவு; அதன் மேல் இரண்டு எரிவாயு உருளைகள். சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும் என்பது கட்டட விதி. அரையடி வீதம் மூன்று படி என்றால் 18 அடி. நான்கடிச் சரிவில் நாற்காலியை ஏற்றினால் அது பின்னால் கவிழும். பணியாளர்கள் இருவர் ஓடிவந்து, நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அக்கா இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டு தலையை அசைத்தார். தெருவில் பத்துப் பேர் பார்க்க மூட்டையைப் போல் தூக்கப்படுவது எவருக்கும் சம்மதமாக இருக்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற ஐந்தாண்டு அவகாசம்தான் கொடுத்தது. அந்த அவகாசம் முடிந்து காலமாகிறது. சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, ஒரு வேப்பமர நிழலில் வண்டியின் நான்கு கதவுகளையும் திறந்துவைத்துச் சாப்பிட்டோம். வத்தக்குழம்பு நன்றாகவே இருந்தது.

பிறகு அறைக்குப் போனோம். மறுநாள் காலை அங்கிருந்தே சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்புவதாக இருந்ததால், தரைத்தளத்தில், மேல்நாட்டுக் கழிப்பறையும் சுவரில் கைப்பிடிக் கம்பியும் உள்ள அறையாகத் தேடி எடுத்திருந்தேன். இதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நம் வீட்டு மூத்த பெண்கள் வெளியூர் கிளம்பினால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அக்காவும் அப்படித்தான்; சிதம்பரம் போன அன்று மாலை வரை அரை தம்ளர் தண்ணீரோடு இருந்து, இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு துடித்தார். கோயிலும் கடற்கரையும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் வழிகாட்டிகள், கால் மடக்க முடியாதவர் போகக்கூடிய கழிப்பறை எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. அன்று காலையிலேயே, பகலில் நமக்கு ஓர் அறை இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பூங்காவில் தாமாகவே கேட்டுத் தண்ணீர் குடித்தார். ஒரு மணியிலிருந்து ஐந்து வரை நன்றாகத் தூங்கினார்.

மாலை ஆறுக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்தோம். அந்த நேரம்தான் முக்கியம். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. தடுப்புகளை இழுத்துப் போட்டுவிடுவார்கள். நடப்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது, ஆனால் அதன் முழுப் பயன் சக்கர நாற்காலிக்குத்தான். விளிம்பில்லை, படியில்லை, கல் இடுக்கில்லை. அகலமான தார்ச்சாலை முழுவதும் நம்முடையது. தடுப்புக்கு வெளியே குறுக்குத் தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, மகன் நாற்காலியைச் சாலையின் நட்டநடுவே உருட்டினான். ஒன்பது நாட்களாகத் தரையையே பார்த்துக்கொண்டு வந்த அக்கா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைப் பற்றிய கவலையே இல்லாமல், எதிரே வரும் முகங்களையும் பலூன்காரரையும் சிவப்புத் தொப்பி வைத்த காவலரையும் மாறிமாறிப் பார்த்தார்.

காந்தி சிலையருகே வெகுநேரம் நின்றோம். சிலையைச் சுற்றியுள்ள எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். சாலைக்கும் கடலுக்கும் நடுவே பாறைகளைக் கொட்டியிருப்பதால் தண்ணீரைத் தொட முடியாது. அதைச் சொன்னபோது, "சத்தம் கேக்குதே, போதும்" என்றார். 1866-இல் இங்கே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய இரும்புத் துறைப்பாலம் 1952 புயலில் அழிந்துபோனது என்று சொன்னேன். அது அவருக்கு வேறொன்றை நினைவூட்டியது. பெரியம்மா 19 வயதில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினாராம். கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து ஏணிப்படியைத் தாவிப் பிடிக்க வேண்டும். கையில் தகரப் பெட்டி, புதுப்புடவை, பழக்கமில்லாத கணவர். கீழே பார்க்காதே, மேலே பார்த்து ஏறு என்று படகுக்காரர் கத்தினாராம். "அம்மா அதை நூறு தடவ சொல்லிருக்கும். எனக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில நடக்கப் பழக்கினப்ப அதைத்தான் நெனைச்சுக்கிட்டேன்" என்று அக்கா சொன்னார். இதை அவர் எங்களிடம் அதற்கு முன் சொன்னதே இல்லை. ஒன்பது நாட்கள் ஒரே வீட்டில் இருந்தும், எல்லோரும் சேர்ந்தாற்போல் இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

எட்டு மணிக்கு ஓட்டுநர் கைபேசியில் அழைத்தார். நாற்காலியைக் குறுக்குத் தெருப் பக்கம் திருப்பும்போது, அக்கா சக்கரத்தின் மேல் கையை வைத்து நிறுத்தினார். தெற்குக் கோடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேக்சின் சிலை இருக்கிறது, கொஞ்சம் தூரம் என்றேன்.

"வண்டி காத்திருக்கட்டும்மா" என்றார். மகன் நாற்காலியைத் தெற்கே திருப்பினான்.