பெண்களின் ஷூ: எங்கே கடிக்கிறது, ஏன் கடிக்கிறது

ஷூ கடையில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களின் காதில் முதலில் விழுவது ஒரு எண்தான். "எனக்கு 38" என்று சொல்லிவிட்டால் அளவு விஷயம் அத்தோடு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் "கடிக்கிறது" என்று திரும்பி வரும் ஜோடிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், நீளம் தவறியவை கொஞ்சம்தான். கோளாறு அகலத்தில் இருக்கும், குதிகால் பிடியில் இருக்கும், அல்லது கால் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் ஒன்றாக இல்லாததில் இருக்கும்.

எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய எண் ஒன்று ஏறினால் நீளம் 6.67 மி.மீ. கூடும். பிரிட்டிஷ் எண் ஒன்றுக்கு 8.47 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் வேறுவேறு படிகள் என்பதால் ஒன்றை இன்னொன்றாக மாற்றும் பட்டியல் எதுவும் துல்லியமாக வராது. எங்கோ ஓரிடத்தில் முழுமைப்படுத்தியே ஆக வேண்டும். இதைவிட முக்கியமான சங்கதி, இந்த எண்கள் அளப்பது காலை அல்ல, ஷூவை வடிக்கும் அச்சை. கூர்முனை அச்சில் விரலுக்கு முன்னால் வெற்றிடம் அதிகம், வட்டமுனையில் குறைவு. ஒரே எண், இரண்டு மாடல், இரண்டு விதமான பிடி என்பது அதனால்தான். பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் தெரிந்து வைத்திருப்பது எந்த எண்ணையும்விட உதவும்.

அளக்கும்போது நின்றுதான் அளக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் பாதத்தில் எடை இறங்காது; எடை இறங்கினால் உள்ளங்கால் குழிவு தாழ்ந்து பாதம் நீளும், அகலும். பகல் முழுதும் நடந்தபின் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் அளப்பது நல்லது. இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய காலுக்குத்தான் ஷூ.

அமெரிக்காவில் சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய அளவுகோல் இன்றும் பல கடைகளில் இருக்கிறது. அதில் நீளத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு: குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை ஒன்று, குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை இன்னொன்று. இரண்டாவதை அளக்காமலே விடுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் பாதிப் பிரச்சினை அங்கேதான் பிடிபடும். 240 மி.மீ. நீளமுள்ள இரண்டு பாதங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் விரல்கள் நீளம், மற்றதில் விரல்கள் குட்டை. குட்டை விரல் பாதத்தில் அடிமூட்டு முன்னால் தள்ளி இருக்கும். அதே ஷூவைப் போட்டால் பாதத்தின் அகலமான பகுதி, ஷூ குறுகத் தொடங்கும் இடத்தில் போய் உட்காரும். பெருவிரல் மூட்டு உரசும், சுண்டுவிரல் நசுங்கும், சோல் மூட்டுக்குப் பின்னால் மடங்கும். அப்படிப்பட்டவருக்கு விரல் நுனியில் இடம் மீதி இருந்தாலும் அரை எண் பெரிதாகக் கொடுப்பதே சரி. இரண்டு அளவும் காட்டும் எண் வேறுபட்டால் பெரிய எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவி இல்லாமலும் பார்க்கலாம். ஷூவைப் போட்டு நின்றபடி, பெருவிரல் பக்கம் துருத்தும் மூட்டை விரலால் தடவிப் பாருங்கள். சோலின் மிக அகலமான இடம் அதற்கு நேராக இருக்க வேண்டும். பிறகு குதிகாலைத் தூக்கி நின்றால் ஷூவின் மேல்தோலில் ஒரு மடிப்பு விழும். மடிப்பு மூட்டின் மேலேயே போனால் பொருத்தம். விரல்களின் மேல் விழுந்தால் ஒவ்வோர் அடியிலும் அங்கே உரசிக்கொண்டே இருக்கும். மூடிய ஷூவில் நீளமான விரலுக்கு முன் 10 முதல் 12 மி.மீ. இடம் வேண்டும். கூர்முனை மாடலில் இந்தக் கணக்கை நுனியிலிருந்து போடக்கூடாது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரிந்து கிடக்கும் இடத்திலிருந்துதான் போட வேண்டும்.

முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுக்கமாகவும் இருப்பது பெண்களிடம் அடிக்கடி காணும் அமைப்பு. முன்னால் இறுக்குகிறது என்றதும் ஒரு எண் பெரிதாகக் கொடுத்துவிடுவது கடைகளின் பழக்கம். அது தவறான வைத்தியம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு எண் ஏறினால் சுற்றளவில் ஏறக்குறைய 5 மி.மீ. கிடைக்கும், அதற்கு விலையாக மூட்டு இடம் மாறும், குதிகால் கழலும், கழலாமல் பிடிக்க விரல்கள் கொக்கி போட்டு நடக்கும். அதே நீளத்தில் அகலமான ஃபிட்டிங் (அகல வகை) இருக்கிறதா என்று தேடுவதே முறை. இல்லையென்றால் மாடலை மாற்ற வேண்டும், எண்ணை அல்ல.

மாடலைப் பார்க்கும்போது எங்கள் கேள்வி ஒன்றுதான்: இந்த ஷூவில் காலைப் பிடித்து வைத்திருப்பது எது? பம்ப்ஸில் வார் இல்லை, லேஸ் இல்லை. வாய் விளிம்பும் குதிகால் பின்புறத்து விறைப்பும் மட்டுமே பிடிக்கின்றன. அதனால்தான் பொருத்துவதற்கு மிகக் கடினமான மாடல் அது. கொஞ்சம் தளர்ந்தாலும் கழலும், கொஞ்சம் இறுகினாலும் வெட்டும். மேரி ஜேன் மாடலின் ஒற்றை வார் இந்தச் சுமையில் பாதியை வாங்கிக்கொள்கிறது. ஒடுங்கிய குதிகால் உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் எடுத்துத் தருவது அதைத்தான். லேஸ் இல்லாமல் நுழைத்துப் போடும் லோஃபர் மேல்பாதத்தைப் பிடிக்கும், எனவே மேல்பாதம் தட்டையானவர்களுக்குத் தங்காது. மேல்பாதம் உயர்ந்தவர்களுக்கு லேஸ் பகுதி நன்றாகத் திறக்கும் டெர்பி, லேஸ் பகுதி அவ்வளவாகத் திறக்காத ஆக்ஸ்ஃபோர்டைவிட எளிது. பெல்லீஸ் எனப்படும் ஹீல் இல்லாத ஷூ தட்டையாக இருப்பதால் சுகம் என்பது பாதி உண்மைதான். சோல் மெலிதாகவும் குழிவுக்குத் தாங்கல் இல்லாமலும் இருந்தால் நாள் முழுக்க நிற்பவருக்கு 3 செ.மீ. பிளாக் ஹீலே (தடித்த கட்டை ஹீல்) மேல்.

கழலும் பம்ப்ஸுக்குப் பேட் வைக்கும்போதும் கவனம் தேவை. குதிகாலில் ஒட்டும் பேட் பாதத்தை முன்னால் தள்ளும். முன்பாதத்துக்குக் கீழே வைக்கும் பேட் பாதத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தை நிரப்பி, பாதம் முன்னால் சறுக்குவதைக் குறைக்கும். ஏற்கெனவே விரல் இடிக்கும் ஷூவில் குதிகால் பேட் ஒட்டினால் நிலைமை மோசமாகும். சில நேரம் குதிகால் கழலுவதற்குக் காரணம் தளர்ச்சியே அல்ல, சோலின் விறைப்பு. கால் மடங்கும், சோல் மடங்காது. குதிகால் மேலே எழும்பியே தீரும்.

ஹீலில் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. 10 செ.மீ. ஹீலில் முன்பக்கம் 3 செ.மீ. பிளாட்ஃபார்ம் இருந்தால் பாதம் உணரும் ஏற்றம் 7 செ.மீ.தான். குதிகால் உட்காரும் இடத்தை உள்ளே விரல் விட்டுத் தடவுங்கள். அங்கே குழிந்து ஏறக்குறைய மட்டமாக இருந்தால் எடையில் ஒரு பங்கை குதிகால் தாங்கும். அங்கேயே சரிவு தொடங்கினால் மொத்த உடலும் முன்பாதத்தை நோக்கிச் சறுக்கும், உள்ளங்கால் எரியும். அடுத்து, ஷூவின் இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். மூட்டு வரும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. நடுவில் வளைந்தால் சோலின் நடுப்பகுதியை விறைப்பாகத் தாங்க உள்ளே வைக்கும் ஷாங்க் என்ற பட்டை பலவீனம் அல்லது இல்லவே இல்லை. அப்படிப்பட்ட ஷூவில் ஹீல் நாளடைவில் பின்னோக்கிச் சாயும். கடைசியாக மேசை மேல் வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். ஹீல் நுனி முழுதாகப் படிந்து உடனே நிலைக்க வேண்டும்.

"போடப் போடச் சரியாகிவிடும்" என்பது லெதருக்கு மட்டும், அதுவும் அகலவாக்கில் மட்டும் பொருந்தும். நீளவாக்கில் எந்த ஷூவும் இளகிக் கொடுக்காது. ரெக்சின் இளகினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும்.

புதிய ஷூவோடு கடைக்குள் நாலு அடி நடந்து முடிவு செய்யாதீர்கள். கடையின் கம்பளம் எதையும் மெத்தென்று காட்டும். கடினத் தரையிலும், முடிந்தால் படியிறங்கியும் பாருங்கள். வரும்போது அன்றாடம் போடும் பழைய ஜோடியைக் கொண்டுவந்தால் எங்களுக்கு வேலை பாதியாகக் குறையும். ஹீலின் வெளி ஓரம் லேசாகத் தேய்ந்திருப்பது இயல்பு. உள் ஓரம் தேய்ந்து மேல்பகுதி உட்பக்கமாகச் சாய்ந்திருந்தால், விறைப்பான குதிகால் பகுதியும் அகன்ற ஹீலும் உள்ள மாடல்களையே எடுத்து வைப்போம். இன்சோலில் இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குக் கீழே ஆழமாகக் குழி விழுந்திருந்தால், ஹீலை 2 செ.மீ. குறைக்கச் சொல்வோம்.