கட்டைப் பெட்டியும் வான் ரீனன் கணவாயும்

ஒரு காலத்தில் டிசம்பர் கோடை விடுமுறைக்கு நம் பள்ளி மூடிய வாரமே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் தெருக்கூத்துக் குடும்பங்களில் கட்டைப் பெட்டி, அதாவது வேஷத்துக்கான மர அணிகள் வைத்த பெட்டி, பரணிலிருந்து இறங்கிவிடும். ஜோகானஸ்பர்க், பிரிட்டோரியா உறவினர் வீடுகளுக்குப் போகும் கோடைப் பயணத்தோடு அங்கே ஓர் இரவு கூத்தும் சேர்ந்துகொள்ளும். பெரியப்பாவும் மாமாவும் வேஷம் கட்டுகிறவர்கள். அவர்களும் பிள்ளைகளும் காருக்குள்ளே, கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கூரைமேல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து டர்பனில் நின்ற ட்ரூரோ கப்பலும், அதன் பின்வந்த கப்பல்களும் இறக்கிவிட்ட மக்களில் வட ஆர்க்காடு, செங்கல்பட்டுக்காரர் பலர். கரும்புத் தோட்டத்துக்கு அவர்கள் கொண்டுவந்த பாரதக் கூத்துதான் இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று வழங்கியது.

அந்தக் காலத்தில் மாகாணம் விட்டு மாகாணம் போக இந்தியருக்குப் பெர்மிட் வேண்டும். அந்த விதி 1975இல்தான் போயிற்று. நடுவில் கிடக்கும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியேறக் கூடாது என்று 1891ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. அது 1980களின் நடுப்பகுதிவரை நீடித்தது. வழியில் நமக்குப் படுக்க விடுதி கிடையாது, உட்கார்ந்து சாப்பிடக் கடை கிடையாது. ஆகவே பொழுது சாயும்போது கிளம்பி, இரவோடு இரவாக ஹாரிஸ்மித், வார்டன், வில்லியர்ஸ் தாண்டி, விடியலில் ஃப்ரீ ஸ்டேட்டின் எல்லையான வால் ஆற்றுக்கு அப்பால் இருக்க வேண்டும். டர்பனிலிருந்து ஜோகானஸ்பர்க்குக்குச் சுமார் 600 கிலோமீட்டர். இரவில் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு. கோடையில் மேட்டுநிலத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், ஆலங்கட்டியோடு வரும். கண்ணாடி பதித்த கட்டையைக் கூரைமேல் வைத்துக்கொண்டு அதில் மாட்டக் கூடாது.

சோற்று மூட்டைக்கு ஆயாமார் வகுத்த முறை உண்டு. புளிச்சாதத்துக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, அகலத் தட்டில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் தூக்கில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி நடுச்சாமத்துக்குள் சாதம் சளித்துவிடும். கோழி வறுவலில் தேங்காயும் தக்காளியும் சேர்க்கக் கூடாது. அவித்த முட்டையை ஓட்டோடுதான் எடுக்க வேண்டும். பூரி முதல் 2 மணி நேரத்துக்கு மட்டும்.

வண்டிக்குக் கடினமான ஏற்றங்கள் இரண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைக் கடந்ததும் வரும் டவுன் ஹில் ஒன்று, லேடிஸ்மித்துக்கு மேலே வான் ரீனன் கணவாய் மற்றொன்று. கணவாயின் உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். ஆறேழு பேரும் கூரைச் சுமையுமாக மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் தண்ணீர் கொதிக்கும். ஏற்றம் தொடங்கும்போதே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். கொதித்துவிட்டால் ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் அரைமணி நேரம் பொறுத்து, துணி போட்டுத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூட்டு இரும்பில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் பிளாக் வெடிக்கும். முன்பக்கம் கான்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கியது இதற்காகத்தான்.

இனி கட்டை. கிரீடம், கன்னக்கதுப்பு, புஜக்கட்டை இரண்டு, மார்புப் பதக்கம் என்று ஒரு வேஷத்துக்கு ஒரு செட். தமிழ்நாட்டில் கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள், எடை குறைவு என்பதால். நேட்டால் கரையோரத்தில் சிவப்புப் பூ பூத்து நிற்கிறதே, இலையுதிர்ந்த கிளையில், அதுவும் அதே இனத்து மரம்தான். அதன் கட்டையும் லேசானது, இந்த வேலைக்கு ஆகும். மரத்தின்மேல் காக்காய்ப்பொன், கண்ணாடித் துண்டு, மணி எல்லாம் வஜ்ஜிரம் என்ற பசையால் ஒட்டியவை. வஜ்ஜிரம் சூட்டில் இளகும், ஈரத்தில் ஊறும். கறுப்புத் தகரப் பெட்டியில் அடைத்துப் பகல் வெயிலில் ஓட்டினால் கண்ணாடிகள் வழுக்கி இறங்கிவிடும். பழைய பருத்திச் சேலையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, புஜக்கட்டையைப் படுக்கையாக அடுக்கி, கிரீடத்தின் உள்ளே துணி அடைத்து மேலே வைக்க வேண்டும். தார்ப்பாய்க்கு மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்ததும் நிறுத்தி இன்னொரு முறை இறுக்க வேண்டும். சணல் கயிறு மழையில் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்ததும் தொளதொளத்துப் போகும். கணவாயின் பனிமூட்டத்தைத் தாண்டி ஹாரிஸ்மித் பக்கம் கயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் போகமாட்டார்கள்.

பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுபோகும்போது ஒளிரும் வலையான மேன்டிலைக் கழற்றி எறிந்துவிடுவதே சரி. ஒருமுறை எரிந்த மேன்டில் வெறும் சாம்பல் கூடு, முதல் பள்ளத்திலேயே உதிரும். போய்ச் சேர்ந்த பிறகு புதிதாகக் கட்டி, ஸ்பிரிட் விட்டுக் குழாயைச் சூடேற்றி, அதன் பிறகே பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் பாரஃபின் ஆவியாகாமல் சொட்டிச் சுடர் மஞ்சளாக எழும்பும், புகை மேன்டிலைக் கறுப்பாக்கும். கோடை மழைக்குப் பின் ஈசல் வரும் என்பதால் விளக்கை ஆட்டக்காரர் தலைக்கு நேராகத் தொங்கவிடாமல் ஓரமாகக் கட்டுவார்கள்.

டர்பன் ஈரக் காற்று, ஜோகானஸ்பர்க் உலர்ந்த காற்று. இந்த வித்தியாசத்தை முதலில் சொல்வது மிருதங்கம். கடலோரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், மேட்டுநிலத்தில் தோல் இறுகிச் சுருதி ஏறும். இடந்தலையில் அப்பும் ரவைப் பிசைவு அங்கே சீக்கிரம் காய்ந்து உதிர்வதால் இரவில் பலமுறை ஈரம் தொட்டுவைக்க வேண்டும். முகவீணை என்பது சிறிய நாதசுரம் போன்ற குழல், அதை வாசிப்பவர் சீவாளியை வாயிலேயே ஈரமாக வைத்திருப்பார். முகவீணைக்கு ஆள் இல்லாத இடத்தில் ஆர்மோனியம் சமாளிக்கும், ஆனால் கூத்துக்கு வேண்டிய அந்தக் கூர்மை அதில் இல்லை.

அரிதாரமும் அப்படியே. தேங்காய் எண்ணெய் தடவி, முத்துவெள்ளை பூசி, அதன்மேல் நிறம் ஏற்றி, மையால் புருவமும் மீசையும் இழுத்து, கடைசியில் வெள்ளைப் புள்ளி. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. டர்பனில் எண்ணெய் ஒரு சொட்டுக் கூடினால் வேர்வையோடு நிறம் கழுத்துக்கு இறங்கும். ஜோகானஸ்பர்க்கில் எண்ணெய் குறைந்தால் வசனம் பேசும்போதே கன்னம் வெடிக்கும். ஊருக்கேற்ப எண்ணெயை மாற்றத் தெரிந்தவரே நல்ல ஒப்பனைக்காரர்.

இரவு 9 அல்லது 10 மணிக்குக் களரி, அதாவது ஆடுகளம், கட்டும் மேளம். பிள்ளையார் துதி, பிறகு கதையை அறிவிக்கும் கட்டியங்காரன். அதன் பின்னர்தான் திரை. இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிக்க, ராஜா வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார். முதலில் சலங்கைக் கால் தெரியும், பிறகு கிரீடத்தின் நுனி, பிறகு முகம். திரை விலகியதும் கிறிக்கி அடித்து, அதாவது சுழன்று ஆடி, களரியைச் சுற்றுவார். ஒரு வேஷம் இப்படி உள்ளே வரவே அரைமணிக்கு மேல் ஆகலாம். விழாக்களுக்கென்று கூத்தை 40 நிமிடமாகச் சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்தத் திரையைத்தான். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். துச்சாதனன் யார், அவன் பலம் என்ன என்பதைச் சபை திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்கிறது. அந்தக் காத்திருப்பு இல்லையென்றால் பின்னிரவில் வரும் துகில் உரிதல் வெறும் சண்டைக் காட்சியாகிவிடும். சுருக்கியே ஆக வேண்டுமானால் வேஷங்கள் எதிரெதிரே வாதாடும் தர்க்கப் பாட்டில் பாதியை விடுங்கள், இரண்டு வேஷத்துக்காவது முழுத் திரை வையுங்கள்.

துகில் உரிவதற்கு முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றி, துச்சாதனன் வேஷக்காரரே திரௌபதியம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சேலையைத் தொடுவார். திரௌபதியாக நிற்பவர் ஆண். மேல் சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, நுனிகளைத் தளர்முடிச்சாகப் போட்டு, அடிச்சேலையை மட்டும் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பார். முடிச்சு இறுகினால் இழுக்கும்போது ஆளே சாய்ந்துவிடுவார். அந்த நேரத்தில் அம்மாக்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், தூங்கிய பிள்ளைகளையும் எழுப்பி உட்காரவைப்பார்கள்.

டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டபோது பல கட்டைப் பெட்டிகள் வீடு மாறின. இன்றும் சிலருடைய கராஜில் கிடக்கும். இருந்தால் எனாமல் பெயின்ட் அடித்துப் புதுசாக்காதீர்கள், பழைய காக்காய்ப்பொன் அதோடு போய்விடும். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம், வஜ்ஜிரம் ஊறிக் கண்ணாடி விழும். காய்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அடியில் மாவுபோல் மரத்தூள் உதிர்ந்திருந்தால் அது துளைக்கும் வண்டு. அந்தத் துண்டைப் பாலித்தீன் பையில் தனியாகக் கட்டி வையுங்கள், மற்றவற்றை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். பெட்டியை சிமென்ட் தரையில் வைக்காமல் பலகைமேல் தூக்கி வையுங்கள். டர்பனின் கோடை ஈரம் தரை வழியாகத்தான் முதலில் ஏறுகிறது.