“தண்ணி போட்டிருக்கார், சிஸ்டர்”

கேஷுவாலிட்டியில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை மூன்று பேர் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். “தண்ணி போட்டிருக்கார், சிஸ்டர். பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடந்தார்” என்றார்கள். கிட்டே போக முடியாத வாடை. அவர் என்னைப் பார்த்துக் குழறலாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள முயலவும் இல்லை. தலையில் அடி ஏதும் இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு ஓரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். போதை தெளியட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிரஷர்கூடப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். வலது கால் போர்வையை உதைத்து உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. இடது காலின் மேல் போர்த்தியது மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து விட்டுப் பார்த்தேன். வலது கை மெதுவாக இறங்கியது. இடது கை பொத்தென்று விழுந்தது. பிரஷர் 220/120. சிடி ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் வெள்ளையாகத் திட்டு, ரத்தக் கசிவு. ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம். கசிவு என்பதால் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி அவருக்கு ஆகாது. ஆனால் பிரஷரை நாலரை மணி நேரம் முன்னாலேயே இறக்க ஆரம்பித்திருக்கலாம்.

அதற்கப்புறம் பல வருடங்களாக ஸ்ட்ரோக் வார்டில்தான் வேலை. அங்கே திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே வாக்கியம்: “குடிச்சிட்டுத் தூங்குறார்னு நினைச்சோம் சிஸ்டர், காலையில பார்த்தா ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு.” ரத்தக்குழாய் அடைப்பால் வரும் ஸ்ட்ரோக்கில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அது நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. எட்டு மணிக்குக் குடித்துவிட்டுப் படுத்தவரைக் காலை ஆறு மணிக்கு எழுப்பிப் பார்த்துக் கொண்டுவந்தால் அந்த நேரம் எப்போதோ முடிந்திருக்கும்.

போதை இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் தள்ளாட வைக்கும். ஒரு பக்கம் வாய் கோணினால், ஒரு கை மட்டும் விழுந்தால், அது குடியின் வேலை இல்லை. ஆனால் சிறுமூளையில் அடைப்பு வந்தால் கை கால் விழாமலே தள்ளாட்டமும் வாந்தியும் குழறலும் வரும், பார்க்க அப்படியே போதை மாதிரி. இந்த இடத்தில் எனக்கு மனைவிமார்களின் வார்த்தைதான் பெரிது. “எப்பவும் குடிக்கிறதுதான், ஆனா இன்னைக்கு வேற மாதிரி இருக்கார்” என்று ஒருவர் சொன்னால் உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். இருபது வருடம் அந்தப் போதையைப் பார்த்தவருக்குத் தெரியாதா?

“ஒரு குவார்ட்டர்தானே” என்பார்கள். 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராம் என்றாலே அதிகக் குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தினமும் அந்த அளவு உள்ளே போனால் பிரஷர் ஏறும். ஈரல் கெட்டு, ரத்தம் உறையும் தன்மை குறையும். ஒரேயடியாக நிறையக் குடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, அங்கே உருவாகும் கட்டி மூளைக்குப் போவதும் உண்டு. “அளவாக் குடிச்சா நல்லதாமே” என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். சீனாவில் 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2019-ல் லான்செட் இதழில் வந்தது. மரபணுவை வைத்து அலசியபோது, அளவான குடி ஸ்ட்ரோக்கைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. குடி கூடக் கூட பிரஷரும் ஸ்ட்ரோக்கும் கூடின.

வார்டில் எனக்கு இன்னும் பயம் தருவது சேர்ந்த இரண்டாம், மூன்றாம் நாள். தினமும் குடித்தவருக்குச் சட்டென்று நின்றுபோகிறது அல்லவா? கை நடுங்கும், வேர்க்கும், ட்ரிப்ஸைப் பிடுங்குவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துவார். வாதம் மூளைக்கு ஏறிவிட்டது என்று குடும்பம் அழும். அது வாதம் இல்லை, குடி சட்டென்று நின்றதால் வருவது. அதனால் சேர்க்கும்போதே கூடவந்தவரைத் தனியாக அழைத்து, “எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியா எப்போ” என்று கேட்டு எழுதிவிடுவேன். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னால், “திட்டுறதுக்குக் கேட்கலம்மா” என்பேன். தயாமின் ஊசியும் மறக்கக்கூடாது. அந்த விட்டமின் வற்றிய உடம்பில் அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம்.

அந்த முதல் மனிதர் பிழைத்தார். அப்புறம் மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வருவார், இடது கைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவார். ஒரு நாள் கேட்டார், “சிஸ்டர், அன்னைக்கு ராத்திரி நான் உங்ககிட்ட எதாவது பேசினேனா?”

“பேசினீங்கண்ணே,” என்றேன். “நான்தான் காது கொடுக்கல.”

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாத்திரைச் சீட்டை வலது கையால் நீட்டினார்.