ஜிம்போச்சோவில் நழுவவிட்ட அட்டை

ஜப்பானிலிருந்து ஊர் திரும்பி மூன்று நாட்கள் ஆகியும் எரிச்சல் தணியவில்லை. ரயில் சீட்டு, தங்குமிடம், சாப்பாட்டுச் செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தேன், அதெல்லாம் பிறகு. முதலில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானிய பேஸ்பால் அணிகளில் ஆடிய வெளிநாட்டு வீரர்களின் பழைய அட்டைகளைச் சேர்ப்பவன் நான். இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எனக்குக் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், படிக்க வராது. ஒலிகளைக் குறிக்கும் கத்தகானா எழுத்துகளை மட்டும் தட்டுத் தடுமாறிப் படிப்பேன். வெளிநாட்டுப் பெயர்களைக் கத்தகானாவில்தான் எழுதுவார்கள் என்பதால், நூறு அட்டைகள் கொண்ட கட்டில் எனக்கு வேண்டியவை தாமாகவே கண்ணில் படும். அந்த வீரர்களை அங்கே 'சுகெத்தோ' என்கிறார்கள். ஆபத்துக்குக் கைகொடுக்க வந்தவர் என்று பொருள்.

டோக்கியோவில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவில்தான் முதல் நாள் முழுவதும் கழிந்தது. குறுகலான ஒரு கட்டடத்தின் மாடிக் கடையில், 1973-இல் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தோடு பேஸ்பால் அட்டை கொடுக்கத் தொடங்கிய கால்பீ நிறுவனத்தின் அட்டைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. லோத்தே அணியில் ஆடிய லீ சகோதரர்கள் இருவரும் ஒரே பெட்டியில் கிடைத்தார்கள். அண்ணன் லெரோன், 'லீ' என்றும், தம்பி லியோன், 'லியோன்' என்றும் பதிவானவர்கள். குடும்பப் பெயர் அண்ணனுக்கே போய்விட்டது. ஆளுக்கு 300 யென். பேரம் பேசும் வழக்கம் அங்கே இல்லை என்று தெரிந்தும் பேசிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தாரே தவிர ஒரு யென்னும் குறைக்கவில்லை.

ஹான்ஷின் டைகர்ஸ் அணியின் ராண்டி பாஸ் அட்டைக்கு 1,800 யென் கொடுத்தேன். அதில் வருத்தமே இல்லை. 1985-இல் 54 ஹோம் ரன்கள் அடித்து, டோக்கியோ ஜயன்ட்ஸ் வீரர் ஓ சதாஹாருவின் 55 என்ற அன்றைய சாதனைக்கு ஒன்று குறைவாக நின்றவர். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சராசரி, ஹோம் ரன், ஈட்டித்தந்த ஓட்டங்கள் என்ற மட்டைவீச்சின் மூன்று முதலிடங்களையும் ஒருசேரப் பிடித்தவர். அவர் பெயரைக் கத்தகானாவில் குறிலாக எழுதினால் 'பஸு', அதாவது பேருந்து என்றாகிவிடும். ஹான்ஷின் குழுமம் பேருந்துகளும் ஓட்டுவதால், அவர் சோபிக்காத நாளில் 'ஹான்ஷின் பஸ் பழுது' என்று செய்தித்தாள்கள் தலைப்புப் போட்டுவிடுமே என்று பயந்து நெடிலாக்கிப் பதிந்தார்கள் என்று சொல்வார்கள். அட்டையில் அந்த நெடிலுக்கான கோடு நன்றாகவே தெரிகிறது. குறில் நெடிலின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாசலருகே இன்னொரு பெட்டியில் மென்கோ அட்டைகள் கிடந்தன, ஒன்று 500 யென். ஓர் அட்டையை ஓங்கித் தரையில் அறைந்து, எதிராளியின் அட்டையைப் புரட்டி வெல்லும் சிறுவர் விளையாட்டுக்கானவை என்பதால், முனை மழுங்காத அட்டை அபூர்வம். சிவப்பும் மஞ்சளும் அப்பிய ஓவியம், கோணலாக வெட்டிய ஓரம், பின்புறத்தில் கல், கத்தரி, காகிதக் குறியும் நீண்ட எண்ணும். முகத்தை ஓவியர் மனம்போன போக்கில் வரைந்திருப்பார். பெயரைப் பார்த்துத்தான் ஆளை அறிய வேண்டும். கத்தகானா இல்லாதவற்றையெல்லாம் ஒதுக்கிக்கொண்டே போனேன். அவற்றில் ஒன்றை, ஓவியம் அழகாக இருந்ததால், சற்றுநேரம் கையில் வைத்திருந்தேன். மூன்று கான்ஜி எழுத்துகள். மூன்றாவதன் உச்சியில் மலையைக் குறிக்கும் சிறு வடிவம், கீழே ஒரே கோட்டுக் காடு. உள்ளூர் வீரர்தானே என்று திரும்ப வைத்துவிட்டேன்.

ஜிம்போச்சோ கறிச் சோற்றுக்கும் பெயர்போனது. முதலில் தோலோடு வெந்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் தனியாக வந்தன. பிறகு சோறு, பிறகு குழம்பு. குழம்பில் இனிப்புத் தூக்கல், மிளகாய் பேருக்குத்தான். ஆனால் அந்த உருளைக்கிழங்கின் மேல் வெண்ணெய் உருகி வழிந்ததை நினைத்தால் இப்போதும் பசிக்கிறது. சாப்பிட்டது 1,600 யென்னுக்கு, அதாவது மூன்று மென்கோ அட்டைகளுக்கு மேல்.

ஒசாகாவுக்கு இரவுப் பேருந்தில் போனேன். ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்குத் தாவிய பிறகு, என்னைப் போன்றவர்களுக்கு அது எட்டாக்கனி. பேருந்துக் கட்டணம் 4,800. வரிசைக்கு நான்கு இருக்கைகள், முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கும். பதினொன்றரைக்கு விளக்கை அணைத்துத் திரையை மூடிவிட்டு, கைபேசி வெளிச்சம்கூடக் கூடாது என்று அறிவித்தார்கள். வெப்பக்காற்றை மட்டும் விடியும்வரை நிறுத்தவில்லை. மிச்சம் பிடித்த பணம் மறுநாள் கழுத்துவலித் தைலத்துக்குப் போயிற்று.

ஒசாகாவின் நிப்பொன்பாஷியில் ஒரு கடையின் கண்ணாடிப் பேழைக்குள் அதே ஓவியத்தைப் பார்த்தேன். அதே மூன்று எழுத்துகள், விலை 4,500 யென், ஏறத்தாழ 2,500 ரூபாய். யார் இவர் என்று கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன். "யோனாமினே" என்றார் கடைக்காரர்.

ஹவாயில் பிறந்து, 1947-இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, 1951-இல் டோக்கியோவின் ஜயன்ட்ஸ் அணிக்கு வந்து, மூன்று முறை மட்டைவீச்சில் முதலிடம் பெற்ற வாலி யோனாமினே! பெற்றோர் வழியில் ஜப்பானியர் என்பதால், அமெரிக்கரான அவர் பெயரும் கான்ஜியில்தான் இருக்கும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. ஸ்டார்ஃபின் கதையும் எனக்குத் தெரியும். ரஷ்யாவில் பிறந்து ஹொக்காய்தோவில் வளர்ந்து, 1939-இல் ஒரே ஆண்டில் 42 வெற்றிகள் பெற்ற அந்தப் பந்துவீச்சாளரை, போர்க்காலத்தில் 'சுதா ஹிரோஷி' என்று பெயர் மாற்ற வைத்தார்கள். அப்படியிருந்தும் கத்தகானாவை மட்டும் நம்பி அலைந்திருக்கிறேன். இன்னும் எத்தனை பேரை அந்தப் பெட்டியிலேயே விட்டுவந்தேனோ!

டோக்கியோவில் 500-க்கு இருப்பதை இங்கே 4,500-க்கு வாங்க மனம் வரவில்லை. ஹான்ஷின் அணியின் கோஷியென் மைதானத்தை வெளியிலிருந்தே பார்த்தேன். ஹான்ஷினின் 1985 வெற்றிக் களிப்பில், ரசிகர்கள் ராண்டி பாஸுக்கு ஈடாகத் தாடி வைத்த கேஎஃப்சி கர்னல் பொம்மையைத் தூக்கிப் போட்ட தோத்தோன்போரி ஆற்றங்கரையில் ஐந்து நிமிடம் நின்றேன். அன்றிரவே அதே நிறுவனத்தின் பேருந்தில் திரும்பினேன். இம்முறை வெப்பக்காற்றே இல்லை.

மாலையில் விமானம். பதினோரு மணிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த மாடிப்படிகளில் ஏறினேன். கதவு பூட்டியிருந்தது. முதல் நாளே நான் பார்த்த அறிவிப்பு அட்டை அதே இடத்தில் தொங்கியது, முழுக்கக் கான்ஜியில். கைபேசியைக் காட்டினேன்: ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கண்ணாடிக்குள், வாசலருகே, மென்கோ பெட்டி தெரிந்தது.