நின்றுகொண்டு ஊட்டாதீர்கள்

கடந்த ஆண்டு மதுரைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் பணியாளர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்தேன். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச வராதவர்களுக்கான வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பக்கவாதம், பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம், மறதி நோய் வந்தவர்கள் விழுங்கச் சிரமப்படுவதைப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். அந்த இல்லத்தில் 11 பேருக்கு யாராவது ஊட்டிவிட வேண்டும். ஊட்டுகிறவர்கள் 14 பெண்கள்.

முதல் நாளே தவறு செய்தேன். திரையில் தொண்டையின் படத்தைப் போட்டு, உணவுக்குழாய் எது, மூச்சுக்குழாய் எது என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் காலை போனால், கட்டிலில் சாய்ந்து கிடந்த ஓர் அப்பத்தாவுக்கு ஒரு பெண் நின்றுகொண்டே இட்லியைச் சாம்பாரில் பிய்த்துப் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். அப்பத்தாவுக்குப் புரையேறியது. உடனே உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறார்கள் அப்பத்தா, உங்கள் மகனாகத்தான் இருக்கும்" என்று சொல்லி, அவரை அண்ணாக்கச் செய்து டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றினார்.

அத்தனை அன்பாகச் செய்தார். நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதும் அதையேதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை ஆபத்து! நின்று ஊட்டினால், கரண்டியைப் பார்க்க அவர் முகத்தைத் தூக்குவார். மோவாய் உயர்ந்தால் மூச்சுக்குழாய்க்குள் உணவு போக வழி எளிதாகிவிடும். சாம்பாரில் ஊறிய இட்லியை வாய் இன்னும் மென்றுகொண்டிருக்கும். சாம்பார் முந்திக்கொண்டு தொண்டைக்குள் இறங்கிவிடும். ரசம் சோறும் அப்படித்தான். இருமுகிறவருக்குத் தண்ணீர் ஊற்றினால் அதுவும் உள்ளே போகும். பேசவும் மூச்சுவிடவும் முடிகிற ஒருவரை முன்னால் சாய்த்து இருமவிட வேண்டும். சத்தமே வராமல் மூச்சுத் திணறினால் அது முழு அடைப்பு. அப்போது முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். அப்போதும் வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்த வேண்டும்.

படத்தை மூட்டை கட்டிவைத்தேன். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் தயிர் சோறு ஊட்டச் சொன்னேன். ஊட்டுகிறவர் நிற்க வேண்டும், பேசக் கூடாது, முதல் வாய் இறங்குவதற்குள் அடுத்ததை நீட்ட வேண்டும். பிறகு, "அண்ணாந்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள்" என்றேன். கூடத்தில் சட்டென்று அமைதி. பாதிப் பேருக்கு முடியவில்லை. 20 வருடம் இந்த வேலையில் இருக்கும் அக்கா ஒருவர், "அடுத்த கரண்டி எப்போது வரும் என்று தெரியாமல் பயமாக இருந்தது" என்று மெதுவாகச் சொன்னார். அன்று மாலையே ஊட்டும் அறைக்கு ஸ்டூல்கள் வந்துவிட்டன. அவர் கேட்டு வாங்கியவை.

அடுத்தது சமையலறை. நீர்த்த பானம் சட்டென்று தொண்டைக்குள் இறங்கிவிடும், கெட்டியானது மெதுவாக இறங்கும். உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கும் ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச முறை இருக்கிறது. பானம் எவ்வளவு கெட்டி என்று அளக்க ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும். நுனியை விரலால் அடைத்து, 10 கோடு வரை ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி விட வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாவது, 8-க்கு மேல் என்றால் மூன்றாவது, ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நான்காவது. சிரிஞ்சில் பூஜ்யத்திலிருந்து 10 வரை அளவுகோலால் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நீளம் மாறினால் கணக்கும் மாறும்.

சமையல்காரம்மாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. வடிகட்டிய அரிசிக் கஞ்சியைச் சூடாக அளந்தபோது 5 மில்லி மிஞ்சியது; ஆறிய பிறகு அதே கஞ்சியில் 9 மில்லி நின்றது. அடுப்பில் சரியாக இருந்தது கட்டிலுக்குப் போவதற்குள் வேறொன்றாகிவிடுகிறது. இன்னொரு சோதனையும் செய்தோம். இரண்டு கிண்ணம் கஞ்சி. ஒன்றில் வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்ப விட்டுக் கலக்கினோம். கொஞ்ச நேரத்தில் அது நீர்த்துப்போயிற்று. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. அன்றிலிருந்து கஞ்சியைச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிடலாம் என்று நிர்வாகம் சொன்னதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டியான பானத்தை மனிதர்கள் குறைவாகத்தான் குடிக்கிறார்கள். உடம்பில் நீர் வற்றும். பரிசோதித்து, தேவைப்படுகிறவருக்கு மட்டும்தான்.

மிகக் கடினமாக இருந்தது, இருமாதவர்களைப் பற்றிப் புரியவைப்பது. பக்கவாதம் வந்த ஓர் ஐயா, ஒரு தடவைகூடப் புரையேறாமல் 'நல்லபடியாகச் சாப்பிடுகிறவர்' என்று பெயர் வாங்கியிருந்தார். ஆனால் அடிக்கடி காய்ச்சல், நெஞ்சில் சளி. மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியத்தை உணவிலும் தண்ணீரிலும் கலந்து கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தபோது, தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது தெரிந்தது. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தொண்டையின் உணர்வு மங்கியிருந்தால் இருமல் வராது. ஆகவே சில வாய்க்கு ஒருமுறை "ஆ" சொல்லச் சொல்லிக் கேட்கப் பழக்கினேன். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் மாறினால் நிறுத்திவிட வேண்டும்.

வாயைச் சுத்தம் செய்வதையும் இதோடு சேர்த்தோம். பற்களுக்கு நடுவே தங்கிய சோறும் கிருமியும் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், தினமும் பல் துலக்கிவிடப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது நிமிர்த்தி உட்காரவைக்கவும் சொன்னேன். நாள் முழுக்க ஓடுகிறவர்களிடம் இவ்வளவையும் கேட்பது எனக்கே கஷ்டமாக இருந்தது. பார்க்க வரும் உறவினர்கள் முறுக்கு ஊட்டுவதைத் தடுப்பது இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

14 பேரில் 4 பேர் அந்த மூன்று மாதத்திலேயே வேலையை விட்டுப் போய்விட்டார்கள். கிடைக்கும் சம்பளத்துக்கு அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி வாரம் ஒரு புதுப் பெண் சேர்ந்திருந்தாள். நான் உள்ளே போனபோது, 20 வருட அனுபவமுள்ள அந்த அக்கா அவளை ஸ்டூலில் உட்காரவைத்து எதிரே நின்றிருந்தார். கையில் தயிர் சோறு. "முதலில் அண்ணாந்து எச்சிலை விழுங்கிக் காட்டு, பார்க்கலாம்" என்றார்.